தையல்கடைக்கும் பால்கடைக்கும் நடுவே

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து, போனவர்கள் போக மிச்சமிருந்தவர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் டீக்கடையில் நிற்க ஆரம்பித்திருந்த ஆடி மாதத்தில், கோவில்பட்டியில் வண்டிமறிச்சியம்மன் கோயில் தெரு, சங்கரவடிவு டீச்சருக்கு மட்டும் நீளமாகிப் போனது.

அது ஒன்றும் பெரிய தெரு இல்லை. கிழக்கு முனையில் டீச்சர் வீடு, நடுவில் ஒரு தையல்கடை, மேற்கு முனையில் பால்கடை, பால்கடையைத் தாண்டினால் மெயின் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூடம். டீச்சர் என்றால் கரும்பலகையில் எழுதிப் போடுகிற டீச்சர் இல்லை, விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலும் தோளில் ஹாக்கி மட்டையுமாக அவள் காலையில் தெருவைக் கடக்கிற வேகத்தில், தையல்கடை வாசலில் தொங்குகிற ஜாக்கெட்டுகளெல்லாம் மேற்கே பார்த்து ஒருமுறை ஆடி நிற்கும் என்று தெருவில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காய்ச்சல் விட்டு, இருமல் விட்டு, கொத்துக்கொத்தாக முடி கொட்டி, முடி கொட்டுவதும் நின்றபிறகு, ஒரு காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினாள். தையல்கடை வரைக்கும் தெரு தெருவாகத்தான் இருந்தது. தையல்கடைப் படியைத் தாண்டியதும் பால்கடை இருக்கவேண்டிய இடத்தில் கரிசல்காடு கிடந்தது. காடு என்றால், பருத்தி எடுத்து முடித்த செடிகள் வெறும் மார்க்குச்சிகளாக நிற்க, வெடிப்பு விட்ட கறுப்பு மண்ணில் ஒற்றை வண்டித்தடம் ஓட, அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைமரங்கள் குடை விரித்திருக்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. அதன் கடைசியில், வானம் இறங்குகிற இடத்தில், நகத்தளவுக்குத் தெரிந்தது பால்கடையின் நீலத் தகரக்கூரை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த நாட்களில் இதைவிட அதிகமாகப் பார்த்திருந்த வடிவு, இதற்குத் திகைக்கவில்லை. போய்த்தானே ஆகவேண்டும் என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கொஞ்சம் நடந்தால் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். உட்கார்ந்தாள். உலக்கை நின்றதும் எழுந்தாள். இப்படியே உட்கார்ந்தும் எழுந்தும் அவள் பால்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி சாய்ந்து, பால் தீர்ந்து, கடைக்காரர் கேன்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். வெறும் வாளியோடு திரும்பி அவள் வீட்டு நடை ஏறுகையில் விளக்கு வைக்கிற நேரம்.

முத்துமாலை அப்போதுதான் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தான். அவன் அவள் புருஷன். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போய்வருகிற லாரி டிரைவர்.

“பால் வாங்கப் போனவ எங்க போன?”

“பால் வாங்கத்தாங்க போனேன். தூரமா இருந்துச்சு.”

“எது?”

“பால்கடை.”

முத்துமாலை திரும்பித் தெருவைப் பார்த்தான். நீலக் கூரை பக்கத்திலேயே தெரிந்தது. “இங்கேருந்து ஒரு சத்தம் குடுத்தா பால்கடைக்காரரு என்னன்னு கேப்பாரு” என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாயில் சரிந்தவள் மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், விரல் நுனியில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. மனசத் தெம்பா வச்சுக்கங்க. தெனம் கொஞ்சம் நடங்க.”

“நடக்கத்தான் சார் செய்யுதேன்” என்றாள் வடிவு.

ஒன்றுமில்லை என்ற சொல்லை முத்துமாலை கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. வைகாசியில் அவளுக்கு மூச்சு இழுத்தபோது ஊர் ஊராக அலைந்து ஒரு சிலிண்டரைத் தேடிப்பிடித்து, காலி லாரியில் போட்டு, ஒரு இடத்திலும் பிரேக்கில் கால் வைக்காமல் ஓட்டிவந்து சேர்த்தவன் அவன். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் அவள் இல்லை என்று நர்ஸ் சொன்னதை அவன் காது அப்படியே வைத்திருந்தது. அன்றிலிருந்து யாராவது மெதுவாக எதையாவது செய்தால் அவனுக்குப் பொறுக்காது. சோற்றை மெதுவாக அள்ளினால்கூட, “சட்டுனு சாப்பிடு வடிவு” என்பான்.

புரட்டாசியில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். இருட்டோடு கிளம்பிய வடிவு, பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டைத் தொட்டாள். அடுத்த தடவையும் அப்படித்தான். பள்ளிச் செயலர் தர்மர் நல்ல மனிதர். அவளைத் தன் நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைக் கூட்டி வைத்து, அப்புறம் சொன்னார்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானம்மா வீடு?”

“ஆமா சார்.”

“பிள்ளைக சீனியர் டீம் போட்டிக்குப் போகணும். நீங்க ஒக்காந்துக்கிட்டு வெளாட்டுச் சொல்லிக்குடுக்க முடியாதுல்லா.”

அவள் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதன் நூலில் அவள் வேர்வை படிந்து மஞ்சளாகியிருந்தது. புதிதாக வரப்போகிற டீச்சர் வேறு நூல் மாற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வர முடிகிற நாட்களில் வந்தால் போதும், சம்பளம் பாதி. அன்று திரும்புகிற வழியில், கரிசல்காட்டின் நட்டநடுவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கேட்பதற்கு ஆளில்லாத அந்த வெளியில், அவள் வாய்விட்டு அழுதாள். அழுததில் மூச்சு வாங்கியது. மூச்சு அடங்க இன்னும் நேரம் ஆனது.

முதலில் நம்பியது எஸ்தர் அக்கா. அடுத்த வீட்டுக்காரி, கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள், அவள் பேசினால் பால்கடை வரைக்கும் கேட்கும். ஐப்பசியில் ஒரு நாள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகிற வடிவைப் பார்த்து மனசு கேட்காமல், “வா தாயி, நான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு, அவள் வைத்த அடிக்குத் தானும் அடி வைத்து நடந்தாள். தையல்கடைப் படியைத் தாண்டியதும் எஸ்தர் அக்காவின் பேச்சு நின்றது. கரிசல்காட்டை ஒருமுறை கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்தாள்.

“ஏட்டி, இம்புட்டுத் தூரமா நீ தெனம் நடக்க?”

“தெனம் எங்கக்கா முடியுது.”

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் எஸ்தர் அக்கா கணுக்கால் வீங்கி, சேலைக்கரையெல்லாம் கரிசல்மண் அப்பித் திரும்பிவந்து, தெரு நடுவில் நின்று, “டீச்சரு நடிக்குதான்னு இனி எவளாவது சொன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்கடி” என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது.

பிறகு ஒவ்வொருவராகக் கூடப் போய்ப் பார்த்தார்கள். அந்தத் தூரத்துக்குள் போவதற்கு ஒரே வழிதான் இருந்தது: அவள் நடக்கிறபடி நடக்கவேண்டும், அவள் நிற்கிறபோது நிற்கவேண்டும். ஓரடி முந்திவிட்டால் போதும், கண்ணைச் சிமிட்டுவதற்குள் பால்கடை வாசலில் நிற்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு, போனவர்கள் தையல்கடைப் படிக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பது மாதிரித்தான் தெரியும். தெரு இதைப் பழகிக்கொண்டது. தையல்கடைக்காரர் ஆறுமுகநயினார் படியில் ஒரு பெஞ்சு போட்டார். டீச்சரைத் தேடி யாராவது வந்தால், தையல் மிஷினை நிறுத்தாமலே, “உள்ள நடந்துக்கிட்டு இருக்காவ, சாயங்காலமா வாங்க” என்று சொல்லி அனுப்பினார். பால்கடைக்காரர் அவளுக்கென்று ஒரு பாக்கெட்டைத் தனியே எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தார். கூடப் போனவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்: ஒரு உடைமரத்தடியில் மண்பானையும் தம்ளரும், இன்னொன்றில் கயிற்றுக்கட்டில், வெயிலுக்கு ஒரு தார்ப்பாய்.

மனை புரோக்கர் சங்கிலித்துரைகூட வந்தார். மெயின் ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ஒருத்தர் பெயரிலும் இல்லாத கரிசல் கிடப்பதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை. எல்லைக்கு ஊன்ற மஞ்சள் தடவிய கற்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வடிவோடு பொறுமையாகவே உள்ளே நடந்துவிட்டார். ஆனால் நிலத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அளந்து பார்க்கலாம் என்று ஒரு எட்டை நீட்டி வைத்தார். மறுவிநாடி பால்கடையின் காலிக் கேன்கள் மேல் சாக்கோடு விழுந்து கிடந்தார். விடவில்லை, பல நாள் வந்து பார்த்தார், பல நாளும் கேன் உருண்டது. கடைசியில் ஒரு நாள் கல் எதுவும் கொண்டுவராமல் வந்து, டீச்சரோடு சாயங்காலம் வரை நடந்து திரும்பி, தையல்கடை பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். “எங்க அக்காவும் இப்படித்தான், தூரமா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. நாந்தான் வைதுட்டே இருந்தேன்” என்று ஆறுமுகநயினாரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் அக்கா மட்டுமில்லை. கார்த்திகையில் ஒரு நாள் வடிவும் எஸ்தர் அக்காவும் பானையடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில், தூரத்தில் இன்னொரு மரத்தடியில் ஆள் அசைவது தெரிந்தது. மெல்ல மெல்லக் கிட்டே போனால், பரோட்டா மாஸ்டர் காளிராஜ். முதல் அலையில் காய்ச்சல் கண்டவர். வேலைக்குப் போகாமல் வீட்டில் சுருண்டு கிடக்கிறார், சோம்பேறியாகிவிட்டார் என்று அவரைப்பற்றி ஊரில் பேச்சிருந்தது.

“மாஸ்டர், நீங்க எப்படி இங்க?”

“கடைக்குப் போய்க்கிட்டு இருக்கேன் டீச்சர். போன வருசத் தீவாளிக்கு மொத நாள் கெளம்புனேன்.”

அவருக்குச் சற்றுத் தள்ளி, ஜெயசீலி என்று ஒரு காலேஜ் பிள்ளை மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா படிக்க?” என்று எஸ்தர் அக்கா கேட்டதற்கு, “ஒரு வரி படிச்சேன்க்கா. அடுத்த வரிக்கு வாறதுக்குள்ள முந்துன வரியக் காணோம். அதத்தான் தேடுதேன்” என்றாள். அழுகிற குரலில் இல்லை. காணாமல்போன ஆட்டைத் தேடுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, மரத்துக்கு ஒருவராக ஆட்கள் தெரிந்தார்கள். எல்லோரும் அவரவர் வீட்டில் படுத்திருப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தவர்கள். எஸ்தர் அக்கா வெளியே வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மறுநாள் காளிராஜின் மனைவி தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, முந்தாமல் பிந்தாமல் வடிவின் கூடவே நடந்துபோய், புருஷன் முன்னால் இலையை விரித்தாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, “வாசம் தெரியுதா?” என்று கேட்டாள். “இல்ல. ஆனா சூடு தெரியுது” என்றார் அவர்.

வடிவுக்கு அங்கே சிரிப்புகூட வந்தது. கரிசலில் குச்சியால் கோடு கிழித்து, கோல் போஸ்ட்டுக்கு இரண்டு கூழாங்கல் வைத்து, ஜெயசீலிக்கு ஹாக்கி ஆட்டத்தின் நெளிவுசுளிவுகளைச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை பாதியை மறந்துபோகும், மறுபடி சொல்வாள்.

முத்துமாலை ஒருவன்தான் வரவில்லை. வராமல் இல்லை, வந்தான். லோடு இறக்கிவிட்டு ஊரில் இருக்கிற நாளெல்லாம் அவளோடு தெருவில் இறங்கத்தான் செய்தான். ஆனால் தையல்கடைப் படிக்கு வந்ததும் கால் அவன் பேச்சைக் கேட்காது. ஒரு எட்டு முந்திவிடும். அடுத்த மூச்சில் பால்கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், வடிவு படிக்குப் பக்கத்தில் குனிந்தபடி நிற்பது தெரியும். “வா வடிவு, இந்தா இருக்கு, நாலு எட்டுத்தான், வந்துரு, வந்துரு” என்று கைதட்டிக் கூப்பிடுவான். அவன் குரல் அவளுக்குக் கரிசல்காட்டின் அந்தக் கோடியிலிருந்து, காற்று திசைமாறுகிறபோது மட்டும் வந்தது. எஸ்தர் அக்கா அவனிடம் சண்டைகூடப் போட்டாள். “ஒரு நாளு அவ கூட நடந்து பாரேன்ய்யா, ஒனக்கு என்ன கொள்ள?” அவன் போய் லாரியின் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனி வந்தது. கொரோனாவால் நின்றுபோயிருந்த வண்டிமறிச்சியம்மன் பொங்கலை இந்த வருஷம் நடத்துவது என்று முடிவானது. அந்தக் கோயிலில் பெண்கள் முளைப்பாரிச் சட்டியைத் தலையில் வைத்து முன்னால் போக, அம்மன் சப்பரம் பின்னால் வரும். முளைப்பாரியைச் சப்பரம் முந்தக்கூடாது, அது அந்தத் தெருவின் வழக்கம். வடிவும் சட்டியில் மண் போட்டு, நவதானியம் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்த்திருந்தாள். பயிர் வெளிர்மஞ்சளாக முழ உயரத்துக்கு நின்றது. தலையில் வைத்துக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னாள்.

கோயில் கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. அவள் வந்தால் சப்பரம் நிலைக்குத் திரும்ப எந்நேரம் ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவளைக் கடைசியில் விட்டு மற்றவர்கள் முன்னால் போகலாமே என்றார் ஒருவர்.

“அப்ப அவ சட்டியச் சப்பரம் முந்திராதா?” என்றார் ஆறுமுகநயினார். “ரெண்டு வருசம் பூட்டிக் கெடந்துச்சு அம்மன். இப்ப அதுக்கு என்ன அவசரம்?”

வடிவு முதலில் போவது என்றானது. சப்பரத்தைத் தூக்குகிற முன் வாரையில், வலது பக்கம், வருஷாவருஷம் தோள் கொடுக்கிற ஆள் முத்துமாலை. அம்மனைத் தூக்கிய தோளை நினைத்த இடத்தில் உருவிக்கொண்டு போக முடியாது.

ஆக, பங்குனிச் செவ்வாயன்று காலையில் மேளமும் உறுமியுமாக ஊர்வலம் கிளம்பி, தையல்கடைப் படியைத் தாண்டி, வடிவின் அடிக்கு அடி வைத்து, ஊரே அந்தத் தூரத்துக்குள் இறங்கியது. முளைப்பாரிக்காரிகள் இறங்கினார்கள், மேளக்காரர்கள் இறங்கினார்கள், அம்மன் பச்சைப்பட்டும் எலுமிச்சை மாலையுமாகத் தலைக்குமேல் ஆடிக்கொண்டே இறங்கினாள். முன்னால் ஓடி வெடி போடலாம் என்று நினைத்த இளவட்டங்கள் மட்டும் வெடியும் ஊதுபத்தியுமாகப் பால்கடை வாசலில் போய் நின்று விழித்து, மறுபடி கிழக்கே சுற்றிவந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். மெயின் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு, பகல் முழுக்க ஒரு சப்பரம் தெரு நடுவில் அசையாமல் நிற்பது தெரிந்தது.

முத்துமாலை நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ ரோட்டைப் பார்த்த கண் அது. ஒரு தூரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்லிவிடும். இந்தத் தூரத்துக்கு அதற்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முன்னால் வடிவு போனாள். இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்தாள், நின்றாள், நடந்தாள். அவள் நின்றபோதெல்லாம் உறுமி நின்றது, வாரை தோளில் அழுந்தியது, அவன் நின்றான். நிற்கிறபோது அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்க்க முடிந்தது. பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலையில்லை. மரத்தடிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள். எழ முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள். அம்மன் அவர்கள் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனாள்.

உச்சிவெயிலில் ஒரு உடைமரத்தடிக்கு வந்ததும் வடிவு சட்டியை இறக்கினாள். பின்னால் வந்த பெண்களும் இறக்கினார்கள். சப்பரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். முத்துமாலை தோளைத் தேய்த்துக்கொண்டே அவளிடம் வந்தான். அவள் ஒரு கறுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். கல்லின் தலை குழிந்து, ஆட்டுக்கல் மாதிரி வழவழத்துக் கிடந்தது. அவன் குத்தவைத்து, அதன் விளிம்பை விரலால் தடவினான்.

“இது யாரு உக்காந்து தேஞ்சது?”

“நாந்தான்.”

“எப்ப?”

“நீங்க பால்கடையில நின்னு கூப்பிடுவீங்கள்ல. அப்பல்லாம் இங்கதான் இருப்பேன்.”

“நான் கூப்பிட்டது கேக்குமா?”

“கேக்கும். எந்திரிக்கத்தான் வராது.”

அவன் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு வந்தான். தம்ளரை அவள் வாங்கி மெதுவாக, மிடறு மிடறாகக் குடித்தாள். சட்டென்று குடி என்று அவன் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். உள்ளே அந்த உலக்கை விழுவது அவன் கைக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மேளக்காரர் மேளத்தின் தோல்வாரைத் திருகி இறுக்கினார். கோயில் தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நேரமாச்சு, தூக்குங்கப்பா” என்றார். ஆட்கள் போய் வாரைக்குக் கீழே குனிந்தார்கள். முன் வாரையில் வலது பக்கம் மட்டும் காலியாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவு எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து மறுபடி அவள் மடியில் வைத்தான்.

“இன்னும் அடங்கல” என்றான் அவளிடம். அப்புறம், திரும்பாமலே, ஓடுகிற லாரியிலிருந்து லாரிக்குக் கேட்கிற குரலில் சொன்னான்:

“அம்மன் இன்னும் கொஞ்சம் உக்காரட்டும்.”

தர்மகர்த்தா ஒருமுறை சூரியனைப் பார்த்தார், ஒருமுறை அம்மனைப் பார்த்தார், பிறகு துண்டை எடுத்து மண்ணில் விரித்துத் தானும் உட்கார்ந்தார். மேளக்காரர் மேளத்தின் தோல்வாரைத் தளர்த்திவிட்டார். குனிந்திருந்தவர்கள் வாரைக்குக் கீழிருந்து ஒவ்வொருவராகத் தோளை உருவிக்கொண்டு நிழல் தேடிப் போனார்கள். எஸ்தர் அக்கா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு போனாள். வெயில் உடைமரத்தைத் தாண்டி அம்மன் முகத்தில் விழ ஆரம்பித்தபோது, யாரோ எழுந்துபோய்க் சப்பரத்துக் குடையைச் சற்றுச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார்கள்.